மருமகனின் குடும்பப் பெயர்

மகள் ஒரு வெள்ளைக்காரப் பொடியனைக் கலியாணம் கட்டப்போவதாகச் சொன்னபோது, "உன்ரை விருப்பம், பிள்ளை" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். சாதி சமயம் பார்க்காத ஆள் என்று மொன்றியலை ஒட்டிய எங்கள் லவால் முழுக்க எனக்கொரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவனும் நான்தான்.

எங்கள் ஆட்களென்றால் வழி தெரியும். "தம்பி எந்த ஊர்?" என்று தொடங்கி, எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று போனால் சாதியைப் பிடித்துவிடலாம். அந்தச் சொல் மட்டும் வாயில் வராது. மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவனிடம் எந்த ஒழுங்கையைக் கேட்பது? அவனுடைய குடும்பப் பெயர் ஃபுல்லர். வேலை முடிந்து லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் வரும்போது, சும்மா பொது அறிவுக்காக, போனில் தேடினேன்.

அது இங்கிலாந்தின் பழைய தொழிற்பெயராம். நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, எண்ணெயும் அழுக்கும் போகத் துவைப்பவன். புளித்த மூத்திரமும் ஊற்றுவார்களாம். எங்கள் ஊரில் துணி வெளுப்பவர்களை முற்றத்தோடேயே நிறுத்திவிடுவோம். இறங்கவேண்டிய நிலையத்தையும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தான். புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவனிடம், பெயருக்கு ஏதும் அர்த்தம் உண்டா என்று ஒன்றும் தெரியாதவன்போல ஆங்கிலத்தில் கேட்டேன். மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அவன் மூத்திரம் உட்பட ஒன்றையும் மறைக்காமல் சிரித்துச் சிரித்துச் சொன்னான். பிறகு, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். அது என் அப்பாவின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று தப்பித்துக்கொண்டேன்.

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, நீங்கள் என்ன தேடுறியள் எண்டு எனக்கு விளங்குது," என்றாள் தமிழில், மெதுவாக. "லோண்ட்றியிலை பெட்ஷீட் தோய்ச்சுத்தானே என்னைப் படிப்பிச்சனீங்கள்?"

கோயிலில் யார் கேட்டாலும் 'ஆஸ்பத்திரி வேலை' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் வந்து சேரும் சலவைக்கூடம் என்று ஒருநாளும் விளக்கியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் இனி என்னிடம் எதையும் மனம்விட்டுச் சொல்லமாட்டாளோ என்று பயமாக இருந்தது.

என்ன கதைக்கிறீர்கள் என்று பொடியன் கேட்டான். மகள் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் உன் பாட்டன்மாரின் தொழில்தான்," என்று அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "மூத்திரம் மட்டும் நாங்கள் ஊற்றுவதில்லை. அது துணியோடேயே வந்துவிடும்."

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.