ரேடியோ பாட்டு என்று பெயரிட்ட ஃபோல்டர்

இன்று தி.நகர் கடை ஒன்றில் பழைய கம்ப்யூட்டரை விற்கக் கொடுத்தேன்.

"வெறும் டெலீட் பண்ணா திரும்ப எடுத்துடலாம் மேடம். அதுமேல வேற எதையாவது எழுதி அழிச்சா, அப்பால ஒண்ணும் கிடைக்காது. இன்னா பண்ணட்டும்?" என்றார் கடைக்காரர்.

பேங்க் விவரமெல்லாம் அதில்தான் கிடந்தது. "சுத்தமா அழிச்சிடுங்கோ" என்றேன். போட்டோக்களை மட்டும் முன்பே எடுத்து வைத்திருந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது நங்கநல்லூரிலிருந்து தம்பி போன் பண்ணினான். "அக்கா, ரேடியோ பாட்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்குமே, அதை எடுத்துண்டியா?"

"சினிமா பாட்டு எங்க வேணா கிடைக்குமேடா."

"நடுவுல அம்மா இருந்தாளேக்கா."

எழுபதுகளில், மயிலாப்பூர் வீட்டில், அம்மா பாடி வைத்திருந்த டேப்பின் மேலேயே அவன் ரேடியோ பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டான். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, அழியாமல் விட்டுப்போன இடத்தில், "போறும்டா, அடுப்புல பால் இருக்கு" என்று அவள் சொல்வது மட்டும் கேட்கும். டேப் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் அவன்தான் அதை இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினான்; வேறு பிரதி இல்லை.

அவன் அரைகுறையாக அழித்தான், அம்மா மிஞ்சினாள். கடைக்காரர் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டார்.

உங்கள் வீட்டில் பழைய பாட்டு டேப் இருந்தால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கேட்டுப் பாருங்கள். யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.