பூநகரிக் காற்றின் பதினேழு மாதங்கள்

பாறூக்கின் மகள் றுஸ்னா பிறந்தது முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்து அகதி முகாமிலிருந்து படித்து, பௌதிகவியலில் பட்டம் பெற்று, பேராதனையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். எடுத்துக்கொண்ட பொருள் காற்று. வானிலிருந்தபடியே, கடற்பரப்பில் எவ்வளவு சிற்றலை எழுகிறது என்பதை வைத்து அங்கே வீசும் காற்றின் வேகத்தைச் சொல்லும் செய்மதி ஒன்று இருந்தது. அதன் எண்களைக் கொண்டு, எந்தக் கரையில் காற்றாலை நட்டால் மின்சாரம் கிடைக்கும் என்று கணிப்பதுதான் அவளுடைய வேலை.

கரையை நெருங்க நெருங்கச் செய்மதியின் கணக்குப் பிசகும். தரையில் ஒருவர் அளந்து சொன்னால்தான் திருத்தலாம். வரைபடத்தில் அவள் குறித்துவைத்த இடம் பூநகரி. சமாதான காலம், வீதி திறந்திருந்தது. 2005 மாசியில் காற்றுமானியோடு புறப்பட்டாள். ஓமந்தைச் சாவடியில் அரச படையினர் அதன் கிண்ணங்களைக் கையால் சுழற்றிப் பார்த்தார்கள். கிளிநொச்சியில், அந்தப் பக்கத்தை ஆண்ட இயக்கத்தின் அலுவலகத்தில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இது யாருக்குத் தகவல் அனுப்பும் என்றுதான் இரண்டு இடத்திலும் கேட்டார்கள். இது அனுப்பாது, பக்கத்தில் நின்று யாராவது வாசித்து எழுத வேண்டும் என்று இரண்டு இடத்திலும் சொன்னாள்.

எழுத முன்வந்தவர் விமலேஸ்வரி. பூநகரியில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். அவருடைய கணவர் கனகலிங்கம் வீட்டு வளவுக்குள் முப்பதடிக் கம்பத்தை நட்டு, தானே ஏறிக் காற்றுமானியைப் பூட்டினார்.

"எத்தினை மணிக்குப் பாக்கோணும்?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

"காலமை ஆறு, பின்னேரம் ஆறு, ரீச்சர். செய்மதி அந்த நேரத்திலதான் இந்தப் பக்கம் வரும்."

"மத்தியானம்?"

"தேவையில்லை."

பங்குனியில் தொடங்கி மாதம் தவறாமல் கடித உறையில் தாள்கள் வந்தன. ஒவ்வொரு தாளிலும் கேட்காத மூன்றாவது நிரல் ஒன்று இருந்தது: மதியம் இரண்டு மணி. றுஸ்னா அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனியில், வேறு வேலை இல்லாத ஒருநாள், அந்த எண்களையும் வரைபில் குறித்துப் பார்த்தாள். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் நாட்களில் இரண்டு மணிக் காற்று ஆறு மணிக் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. செய்மதி அந்த நேரத்தில் ஒருநாளும் அந்தப் பக்கம் வருவதில்லை. அதை மட்டும் நம்பியவர்கள் அந்தக் கரையின் காற்றைக் குறைத்தே மதிப்பிட்டிருப்பார்கள்.

அடுத்த முறை பூநகரிக்குப் போனபோது, ஏன் இரண்டு மணிக்கும் எழுதினீர்கள் என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்புக் காயப்போடுறனான். கொடியோட சேத்து இழுக்கிற காத்து அப்பதான். உங்கட ஆறு மணிக்கு அது நித்திரை."

அவளுடைய பேராசிரியர் வரைபைப் பார்த்துவிட்டு, ஆய்வின் தலைப்பையே மாற்றச் சொன்னார். இரண்டு வருடத் தரவு வேண்டும் என்றும் சொன்னார்.

பதினேழு மாதம்தான் கிடைத்தது. 2006 ஆவணியில் சண்டை தொடங்கி வீதி மூடப்பட்டது. பூநகரியிலிருந்து பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. செய்மதி மட்டும் காலையும் மாலையும் சண்டை நடந்த வன்னியைக் கடந்து போனது. ஒவ்வொரு நாளும் றுஸ்னாவின் கணினியில் அந்தக் கடலின் காற்று வந்து விழுந்தது. கரையில் என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை. அவள் அந்த எண்களைப் பதிந்துகொண்டே இருந்தாள்.

2009 ஆடியில், போர் முடிந்து இரண்டு மாதத்தில், பல்கலைக்கழக முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து விமலேஸ்வரி எழுதியிருந்தார். றுஸ்னா வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் அரை நாள் நின்றபின் அவரைக் கண்டாள். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"எத்தினை பேர் வந்தனீங்கள், ரீச்சர்?"

"நானும் பிள்ளையளும். இவர் மாத்தளனில செல் குண்டு விழுந்து போயிட்டார்." பேச்சைக் காற்றுக் கணக்குக்குத் திருப்பினார். "போன புரட்டாதியில இடம்பெயரும் வரைக்கும் எழுதினனான்," என்றார். "ரெண்டு வருசத்துக்கு மேல. மூண்டு கொப்பி. போற இடமெல்லாம் கொண்டு திரிஞ்சன். மாத்தளனில மழை, விறகெல்லாம் ஈரம். சின்னவளுக்குக் கஞ்சி வைக்கோணும். கொப்பியளைக் கிழிச்சு அடுப்பு மூட்டினன். இதைச் சொல்லத்தான் கடிதம் போட்டனான்."

"கஞ்சி வெந்ததா?" என்று றுஸ்னா கேட்டாள்.

"ஓம். வெந்தது."

கொண்டுவந்த பால்மாவையும் உடுப்பையும் காவலில் நின்றவரிடம் காட்டி வேலிக்கு மேலால் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். அந்த வருடம் அந்த வழியால் அழுதுகொண்டு போனவர்கள் பலர்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு பந்தி சேர்த்தாள்: 2006 ஆவணி முதல் 2008 புரட்டாதி வரை நாளுக்கு மூன்று தடவை அளவீடுகள் எடுக்கப்பட்டன, அவை கிடைக்கவில்லை. எடுத்தவரின் பெயரையும் எழுதினாள்.

கார்த்திகையில் வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அந்தப் பந்தியில் விரலை வைத்தார்.

"இல்லாத தரவை ஏன் எழுதியிருக்கிறீர்?"

"இல்லாத தரவு இல்லை, சேர். எடுத்த தரவு. என்னிடம் வந்து சேரவில்லை."

அவர் பக்கத்தைப் புரட்டினார். பதினேழு மாதத் தரவு போதுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். ஒரு முழு வருடத்தின் காற்றைக் காட்டப் போதும், வருடத்துக்கு வருடம் வரும் மாற்றத்துக்குப் போதாது என்று அவள் உள்ளதைச் சொன்னாள். சிறு திருத்தங்களோடு ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பந்தியைத் திருத்தும்படி யாரும் கேட்கவில்லை.