நின்னுட்டேன் என்ற சொல்

கடலூர் முதுநகர் பெலிசியா 2009-இல் சிதம்பரத்தில் கல்வியியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களின் பேச்சை ஆராய்வதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்துவந்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதியதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வறுமை, தூரம், கல்யாணம் என்று முன்கூட்டியே தலைப்புப் போட்டு, பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி அவற்றின் கீழே ஒட்டினாள். எல்லாம் பொருந்தியது. புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

உடன் படித்த சிந்துஜாவுக்கும் அதே அவஸ்தை. தலைப்புகளை மறந்துவிட்டு, ஒரே பேச்சை இருவரும் தனித்தனியாக வரி வரியாகப் படித்து ஒப்பிடலாம் என்றாள். தைலம்மாள் என்ற பெண்ணின் பேச்சை எடுத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்தார்கள்.

"இங்க பாருடி," என்றாள் சிந்துஜா. "தன்னப் பத்திச் சொல்லும்போது 'எட்டாவதோட நின்னுட்டேன்'ங்கறாங்க. தங்கச்சியப் பத்தின்னா 'நிறுத்திட்டாங்க'. ஒரே வீடு, ஒரே அப்பா."

பெலிசியா மற்றவர்களின் பேச்சைப் புரட்டினாள். அக்காவை, பக்கத்து வீட்டுப் பெண்ணை யாரோ நிறுத்தியிருந்தார்கள். பேசியவர்கள் மட்டும் தாங்களாகவே நின்றிருந்தார்கள். அத்தனையும் அவள் கையாலேயே எழுதிய சொற்கள்.

"நாமளா அர்த்தம் கட்டுறமோ?" என்ற பயத்தில் தைலம்மாளிடமே போனாள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவளிடம் இரண்டு வரிகளையும் படித்துக்காட்டினாள்.

"நானா இப்படிச் சொன்னேன்?"

"ஆமாக்கா."

தைலம்மாள் முறத்தைத் தள்ளிவைத்தாள். "எனக்குக் கணக்கு நல்லா வரும் பாப்பா. என்னய நிறுத்துனாங்கன்னு நானே சொன்னா அப்பாவக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். நின்னுட்டேன்னா யாருக்கும் நோகாதுல்ல?" பிறகு, யாரோ புது ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டவள்போல, "இத்தன வருஷமா இப்படியா பேசிட்டிருந்தேன்!" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே கூட்டம், ஒரே பேச்சு. பெலிசியா மாதா கோயில் பூசையில் நிற்பவள்போல வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுவருடம் வாய்மொழித் தேர்வில், "இவ்வளவு கொஞ்சம் பேரிடம் பேசினால் போதுமா?" என்று கேட்டார்கள்.

"ஒருத்தரு பேசுனதே எனக்கு இன்னும் படிச்சு முடியல சார்," என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பட்டம் கிடைத்துவிட்டது.