பூக்க மறுத்த ஒரு கீரைச் செடி

நேற்று மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு தண்டுக்கீரைக் கட்டை வாங்கிப் பிரித்தால், பாதித் தண்டுகளின் உச்சியில் பூ. "முத்தின கீரையாச்சேப்பா" என்றேன். கடைக்காரர் அசரவில்லை. "அங்கிள், பூவுக்கு எக்ஸ்ட்ரா பைசா வாங்கலையே!" என்றார்.

சிரித்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கீரையைப் பூக்கவிடாமல் செய்வதற்கென்றே ஐந்து வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

செம்பூரில் அப்போது ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே எனக்குத் தற்காலிக வேலை. கீரை விதையைக் காமா கதிர் படவைத்து வாங்கி வருவோம். விதைக்குள் எங்கோ ஏதோ ஒன்று மாறும். அதை விதைத்து, அதன் விதையை மறுபடி விதைத்தால் மாறுதல்கள் தலைகாட்டும். பெரும்பாலும் சவலைகளும் வெளிறியவையும்தான். தப்பித்தவறி ஒன்று உருப்படலாம். எங்களுக்கு வேண்டியது சீக்கிரம் பூக்காத கீரை. பூத்தால் தண்டு நாராகிவிடும். பூக்காவிட்டால் வாரக்கணக்கில் கிள்ளிக்கொண்டே இருக்கலாம்.

கதிர் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து முலுண்ட் சித்தி எனக்குக் காகிதக் கப்பில்தான் காபி தருவாள். விதையில் கதிர் தங்காது சித்தி, எக்ஸ்ரே எடுத்த சித்தப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாயே என்றால், "அவர் பழகினவர்டா" என்பாள்.

பாத்தி வேலைக்கு வந்தவர் எஸ்தர் அக்கா. குடியிருப்பு தாராவி, ஊர் திருநெல்வேலிப் பக்கம், தலைமுறையாகக் கீரை போட்ட குடும்பம். அவர் கைபட்ட பாத்தியில் ஒரு புல் தப்பாது.

அந்த வருடம் எல்லாச் செடியும் பூத்துத் தள்ளியபோது ஒன்று மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. அகல இலை, இளந்தண்டு. அது தாமதமாகவாவது பூத்து விதை வைத்தால் என் வேலை நிரந்தரம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அடையாளத்துக்கு ஓர் அட்டை கட்டவேண்டும். அட்டை வாங்க அனுப்பிய ஃபைல் மூன்றாம் மாடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குள், திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க டில்லியிலிருந்து கமிட்டி வருவதாகத் தகவல். "நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க அக்கா, பாத்தி லட்சணமா இருக்கணும்" என்றேன்.

"நீங்க போங்க தம்பி, நா பாத்துக்கிடுதேன்."

கீரை போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியில் வேறு மாதிரி நிற்பதைக் கலப்பு என்று பிடுங்கிவிடுவார்கள். விட்டால் அடுத்த விதையும் கெடும். அந்தக் கலப்புக்காகத்தான் நாங்கள் உயிரை விடுகிறோம் என்று மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் அவரிடம் சொன்னதில்லை. இதெல்லாம் அவருக்கு எதற்கு என்ற படித்த திமிர்.

மறுநாள் பாத்தி ராணுவ அணிவகுப்பு மாதிரி இருந்தது. என் செடி நின்ற இடத்தில் குழி. கமிட்டித் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடடா, எல்லாம் ஒரே மாதிரி!" என்று மெச்சினார். வேறுபாடு உண்டாக்கும் திட்டத்துக்கு, வேறுபாடே இல்லாததற்காக மேலும் இரண்டு வருடம் கிடைத்தது. எனக்கும் வேலை நீண்டது. நானும் கைதட்டினேன்.

சாயங்காலம் எஸ்தர் அக்காவிடம் கேட்டேன்.

"கலப்பா நின்னதெல்லாம் புடுங்கிட்டேன் தம்பி. ஒண்ணு மட்டும் தளதளன்னு நின்னுச்சு. அத வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்."

அதைத்தான் அக்கா தேடிக்கொண்டிருந்தோம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மிஞ்சிய விதையை எல்லாம் விதைத்துப் பார்த்தோம். அப்படி ஒன்று மறுபடி வரவே இல்லை. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கின்றன.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது எஸ்தர் அக்கா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. அப்படி ஒரு கீரைய நா தின்னதே இல்ல. கடையுமுன்னே வெண்ணெயா போச்சு."

எங்கள் ஆராய்ச்சி வெற்றி என்று சொன்ன ஒரே சாட்சி அவர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.