சந்தனம் பூசிய சிலிண்டர்

பதினோரு வருடங்களாக என் வேலை சிலிண்டர்களைச் சோதிப்பது. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு சோதனைக்கூடத்தில், எரிவாயு அடைக்கும் சிலிண்டர்களுக்குள் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தாங்காதவற்றை அறுத்துப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். தொழிற்சாலைக்காரர்கள் என் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள். என் கணவர் மட்டும் நான் சிலிண்டரைப் பற்றி எது சொன்னாலும் "ம்" என்பதைத் தாண்டியதில்லை. நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்கு கிட் கார் பைத்தியம். இரண்டு பேர் உட்காரும் பைபர் கார் உடம்பு ஒன்றை வாங்கி எங்கள் தம்போய் வீட்டு வாசலில் போட்டிருந்தார். உடம்பு மட்டும்தான். எஞ்சின், கியர்பெட்டி, அச்சு, ஒயரிங் எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி அதில் பொருத்த வேண்டும். அப்படித் தன்னைக் கொடுக்கும் வண்டிக்கு டோனர் கார் என்று பெயர். துணி காயப்போட இடமில்லாமல் நான் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

டோனர் கார் பெட்ரோலிலும் ஓட வேண்டும், எரிவாயுவிலும் ஓட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஜொகூரில் அந்த எரிவாயு நிரப்ப ஒன்றிரண்டு இடங்கள்தான் அப்போது இருந்தன. சொன்னேன். "ம்." கேஸுக்கு மாற்றிய வண்டி என்றால் எஞ்சினுக்கு முன்னால் சிலிண்டரைப் பார்க்க வேண்டும், அதற்கு ஆயுள் உண்டு, அது முடியும் வருடம் அதிலேயே பொறித்திருக்கும் என்றேன். அதற்கும் "ம்." அவருடைய புது வண்டியில் அந்தச் சிலிண்டர் எங்கள் இருவர் முதுகுக்கும் ஒரு சாண் தள்ளிப் படுத்திருக்கப் போகிறது. இது என் முதுகு சம்பந்தப்பட்ட விஷயமும்தானே?

கடைசியில் சிகாமட்டில் இருந்த அவருடைய தாய்மாமாவின் கார் அமைந்தது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கலாம், திருகிப் பார்க்கலாம், மூஞ்சிக்கு நேரே குறை சொல்லலாம். நம் ஆட்களிடம், அதுவும் தாய்மாமாவிடம் வாங்கினால், பார்ப்பதே அவமானப்படுத்துவதுதான். சோறு போட்டு, வெற்றிலை பாக்கோடு சாவியைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி விளக்கு எரிகிறதா என்று கேட்டுவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

எனக்கு ஷிப்ட் ஓய்வு இருந்த ஒரு திங்கட்கிழமை கிளம்பினோம். நெடுஞ்சாலை ஏறியதுமே அவர் ஆரம்பித்தார்.

"அங்க போய் டார்ச் லைட்டெல்லாம் எடுக்காத. மாமா மனசு கஷ்டப்படும்."

"சிலிண்டர் வெடிச்சா யாரு மனசு கஷ்டப்படும்?"

"ஆரம்பிச்சிட்டியா லா," என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு ஆண்களும் எஞ்சினைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். "நீ உள்ள போய் தே ஓ குடிம்மா, மருமக கலக்கி வெச்சிருக்கு," என்றார் மாமா. அந்தப் பால் விடாத தேநீருக்காக நான் அசையவில்லை. அவரை நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"சிலிண்டர் எந்த வருஷம் மாமா?"

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "மாப்ள, தீவாளி தவறினாலும் இந்த வண்டிக்கு ஆயுத பூஜை தவறினதில்ல."

கேட்டது நான். கேட்டது வருடத்தை. பதில் அவருக்குப் போனது, பூஜையைப் பற்றிப் போனது.

நானே பின்பக்கத்தைத் திறந்தேன். பின் இருக்கையின் முதுகை ஒட்டிச் சிலிண்டர் குறுக்காகப் படுத்திருந்தது. விவரம் பொறித்த தகடு இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் அடை தட்டியதுபோல் காய்ந்து கிடந்தன. உருண்டையான சாமானில் பொட்டு வைக்க வாகான இடம் அந்தத் தகடு ஒன்றுதான். பழைய பொட்டைத் துடைக்க மனம் வராமல் அதன் மேலேயே வருடா வருடம் வைத்திருக்கிறார்கள். நானும் எங்கள் சோதனைக்கூடத்து இயந்திரங்களுக்குச் சந்தனம் வைப்பவள்தான். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படிக்க வேண்டிய எழுத்தின் மேலா வைப்பது?

மாமாவின் மருமகளிடம் ஈரத்துணி கேட்டேன். அவள் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்துவிட்டு மாமா ஓடிவந்தார்.

"என்னம்மா, பொட்ட அழிக்கப் போறியா? கட்டின புருஷன் பக்கத்துல நிக்கிறான்!"

என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. "விடு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு அழுகை வரும் அளவுக்குக் கோபம் வந்தது. பதினோரு வருட வேலையை என் கழுத்துத் தாலியைக் காட்டி அடக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள்! கையை உதறினேன்.

"என் தாலி பத்திரமா இருக்கணும்னுதான் மாமா துடைக்கிறேன்."

அழுத்தித் துடைத்தேன். எழுத்து தெரிந்தது. ஆயுள் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சிலிண்டரைக் கட்டியிருந்த இரும்புப் பட்டைக்கு அடியில் விரலை விட்டேன். துரு உப்பிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எங்கள் கூடத்துக்கு வந்திருந்தால் அழுத்தமே ஏற்றாமல் அறுக்க அனுப்பியிருப்பேன்.

"நாலு வருஷமா ஓடுது, என்ன ஆயிடுச்சி இப்ப?" மாமாவின் குரல் ஏறியது. "பயமா இருந்தா பெட்ரோல்ல ஓட்டிக்குங்க."

"எதுல ஓட்டினாலும் உள்ள இருக்கிற கேஸ் அங்கதான மாமா இருக்கும்?"

"இஷ்டம் இல்லன்னா வாங்காத. என் வண்டிய குத்தம் சொல்ல நீ யாரு?"

நான் யார் என்று என் கணவர் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கியிருந்தது. உள்ளே போன மருமகள் கார் சாவியோடு திரும்பி வந்தாள். மாமாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் தினமும் அந்தக் காரில்தான் அவள் கூட்டி வருகிறாளாம்.

"பிள்ளைங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"பின்னாலதான் அக்கா."

என் கோபமெல்லாம் பயமாக மாறியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் தம்போய்க்குத் திரும்பிவிடலாம். இந்த வண்டி நாளைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய், "இதப் படிச்சிப் பாரும்மா," என்றேன். துருவையும் காட்டினேன்.

அவள் குனிந்து படித்தாள். இருக்கை முதுகைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். சிலிண்டருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பஞ்சு மட்டும்தான். நேராக மாமாவிடம் போனாள்.

"இனிமே நான் ஓட்டல மாமா. உங்களுக்கு நம்பிக்கை இருந்தா நீங்களே போய், பிள்ளைங்கள பின்னால உக்கார வெச்சி கூட்டிட்டு வாங்க," என்று சாவியை நீட்டினாள்.

மாமா சாவியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.