பேப்பர் நிறையச் சிவப்பு மை

மைதிலி டீச்சர் பேப்பர் திருத்துவதைப் பார்த்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். எனக்கும்தான். நாங்கள் நாற்பது பேப்பரை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அவர் ஒரே பேப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கணக்கு எந்த வரியில் தடம் மாறியது என்று சிவப்பு மையில் எழுதுவார். மார்க் போட மாட்டார். பிள்ளை திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் மார்க்.

"மார்க்கப் பாத்துட்டா அதோட மடிச்சு வெச்சுருவாங்க" என்பார். பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அரசுப் பள்ளியில் பதினோரு வருடமாக இதே கூத்து.

காலாண்டுப் பேப்பர் கொடுத்த மறுநாளிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வெண்ணிலா வரவில்லை. மூன்று நாள் கழித்து அவள் தோழி தனப்பிரியா வந்து சொன்னாள்.

"அவிங்கப்பா பேப்பரப் பாத்துட்டு நிறுத்திப்போட்டாருங்க டீச்சர். இனி தறிப் பட்டறைல நூல் சுத்தறாளாமா."

மைதிலியின் முகம் செத்துவிட்டது. சாயங்காலமே என் ஸ்கூட்டரில் இருவரும் போனோம்.

பட்டறைக்குள் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. நூல் சுற்றும் மிஷின் முன்னால் வெண்ணிலா. எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா அங்கமுத்து தறியை விட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், பெயிலானாத்தான் ரேங்க் கார்டுல செவப்பு வட்டம் போடுவீங்க. இவ பேப்பர் பூராவுமே செவப்பு. மார்க்குன்னு ஒண்ணு போடக்கூட உங்களுக்கு மனசு வரல. மண்டைல ஏறாத புள்ளைய எதுக்கு அனுப்போணும்? பட்டறைக்காரர்கிட்டச் சொல்லியாச்சுங்க."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "மார்க் எவ்வளவுன்னு சொல்லித் தொலைங்க மைதிலி" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்கண்ணா, அதுல என்ன எழுதீருக்குன்னு படிச்சீங்களா?"

அங்கமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நம்பர் மட்டுந்தான் தெரியும். நம்பரத் தேடுனேன், இல்ல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தப்பு என்னுதுங்கண்ணா" என்றார் மைதிலி. "உங்களக் கூப்ட்டுச் சொல்லீருக்கோணும். வெண்ணிலா, அதக் கொண்டாந்து அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு."

அவள் மிஷினுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த பேப்பரைக் கொண்டுவந்து மெல்லிய குரலில் படித்தாள். தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அங்கமுத்து உள்ளே போய்த் தன் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பட்டறைக்காரர் பார்த்தால் வசவு நிச்சயம். திரும்பி வந்து, "இப்பப் படி" என்றார்.

"மூன்றாவது வரி வரை சரி. இந்த வழி நான் சொல்லிக்கொடுத்தது இல்லை, நீயே யோசித்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது. நாலாவது வரியில் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டாய். மறுபடி போட்டுக் காட்டு."

அங்கமுத்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தாள். அவர் மைதிலியைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்கறதையுமா செவப்புல எழுதுவீங்க டீச்சர்?"

மைதிலியின் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மகள் பாதியில் விட்டிருந்த நூலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்பு சாமி. அந்த நாலாவதப் போட்டுக் காட்டோணுமாமா."