நைனா மண்ணோடு வைத்திருந்த கத்தி

எண்ணூர் பக்கம் ஒரு மேட்டில் என் நைனா பள்ளம் வெட்டும் கூலிக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே இரும்பு உருக்கினார்களா என்று ஒரு மேடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒருநாள் மேடம் கிளம்பிய பிறகு, சல்லடை மண்ணில் ஒரு சாண் நீளத் துருக்கட்டி நைனா கையில் சிக்கியது. போன் போட்டார். மண்ணோடு அப்படியே வையுங்கள், நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றாராம் மேடம். டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"கத்திமா இது. எவன் கையில இருந்துச்சோ! மண்ணத் தட்டிடாத, இன்னா?"

மறுநாள் காலையில் குளிக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் மேடம் வருவதாகச் சொன்னார். நான் காலடிப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் தரம் பிரிக்கிறேன். துருவோடு எதையாவது நீட்டினால், "இன்னாமே, குப்பையத் தூக்கினு வர்ற?" என்று ஓனர் கத்துவார். தேய்த்துத்தான் கொடுப்போம். நைனா கடைசியாகக் கண்டெடுத்தது குப்பை மாதிரிப் போகக்கூடாது என்று நினைத்தேன். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதுதான் கேவலம். தெரிந்தேதான் ஆசிட்டில் போட்டேன், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். கட்டி பாதியாகிவிட்டது. ஆனால் பளபளவென்று இருந்தது.

டப்பாவைத் திறந்ததும் மேடம் முகம் சுருங்கிவிட்டது.

"யாரும்மா கழுவினது?"

எதிரே நைனா படம், மாலையோடு.

"நைனாதான்."

"அவரா? நான் சொன்னதை ஒருநாளும் மீறாதவரும்மா அவரு. அந்தத் துருவுக்குள்ளதான் கைப்பிடி மரத்தோட அச்சு இருந்திருக்கும். இனிமே என்ன மரம்னு யாருக்கும் தெரியப்போறதில்ல." நோட்டில் ஏதோ எழுதினார். "சரி, போனவரைச் சொல்லி என்ன."

அவர் படி இறங்கியதும் அம்மா கேட்டாள்: "செத்த மன்சன் மேல ஏண்டி பழியப் போட்ட?"

மறுநாள் கடைக்குப் போகாமல், பிரஷ்ஷில் ஒட்டியிருந்த துருவைப் பேப்பரில் தட்டி மடித்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

"இதுல எதுனா தெரியுமா மேடம்?"

"இது ஆகாதும்மா."

"கழுவுனது நான்தான். நைனா வாணான்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நோட்டைப் புரட்டி நைனா பேரை அடித்துவிட்டு, என் பேரைக் கேட்டு எழுதினார். சல்லடை சலித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவரான, நைனா பாடைக்குத் தோள் கொடுத்த மாமா என்னைப் பார்க்காமல், மேடத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நேத்து நீங்க சொன்னப்பவே நான் சொன்னேனே மேடம். அந்தாளு செய்ய மாட்டாருன்னு."